காடிக்குக் கூடுதல் விளக்கு: சீரியலா, பேரலலா?

லிந்தாங் ரோட்டுக்காரன்:

வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட்டில் லிந்தாங் ரோட்டுப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். காடி பழைய கஞ்சில் 850. வேலைக்கு விடிகாலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும், நம் நாட்டில் 7 மணி ஆனால்தான் வெளுக்கிறது, அதுவரை செம்பனைக்கு நடுவே செம்மண் ரோட்டில் கும்மிருட்டுதான். காட்டுப்பன்றி குறுக்கே பாயும், மாடு ரோட்டிலேயே படுத்திருக்கும், வெட்டிப் போட்ட மட்டை வேறு கிடக்கும். மனைவியும் என்னோடு வருகிறார், காடியின் சொந்த விளக்கு இந்த ரோட்டுக்குப் போதவில்லை. அதனால் இரண்டு வட்ட ஸ்பாட் லைட் வாங்கி வைத்திருக்கிறேன். 12 வோல்ட், 55 வாட், எச்3 பல்ப்.

இனிதான் கேள்வி. பக்கத்து லயத்து மாமா, "சீரியலாகப் போடு, ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு ஒரே கம்பி, பாட்டரியையும் இழுக்காது" என்கிறார். அவர் பல வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவர், சும்மா பேசுகிறவர் இல்லை. டவுனில் எக்சசரி கடைப் பையன் "பேரலல்தான், ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனிக் கம்பி" என்கிறான், ஏன் என்று கேட்டால் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. காரணம் தெரிந்து செய்ய ஆசைப்படுகிறேன். ஹெட்லைட் கம்பியிலேயே ஒட்டுப் போட்டு எடுக்கலாமா, ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டுமா, பியூஸ் எத்தனை ஆம்பியர், கம்பி எவ்வளவு தடிப்பு, எர்த் (கரண்ட் பாட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) எங்கே கொடுப்பது? நானே கையால் செய்யப் போகிறேன், மல்டிமீட்டர் இருக்கிறது.

பழைய போமென்:

தம்பி, விளக்கு இரண்டும் பேரலல். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் காரணம் தெரிய வேண்டும் என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பல்பில் 12 வோல்ட் 55 வாட் என்று எழுதியிருக்கிறது. அதன் பொருள், 12 வோல்ட் முழுதாகக் கிடைத்தால்தான் அது 55 வாட் எடுத்து எரியும். அப்போது அதில் ஓடும் கரண்ட் 4.6 ஆம்பியர். இரண்டையும் சீரியலில் போட்டால் 12 வோல்ட் இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரியும், ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட். பாதி வோல்ட் கிடைத்தால் பாதி வெளிச்சமாவது வரும் என்று நினைத்துவிடாதீர்கள். டங்ஸ்டன் இழை சூடு குறைந்தால் சிவந்துபோய்விடும், அது எடுக்கும் மின்சாரத்தில் வெளிச்சமாக மாறுவதும் சுருங்கிவிடும். வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு வேகமாக விழும், தோராயமாக வோல்ட்டின் 3.4 அடுக்கு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 6 வோல்ட்டில் அந்தப் பல்ப் கொடுப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெளிச்சம். ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும், மாட்டின் கண்கூடத் தெரியாது.

பாட்டரி இழுக்காது என்று மாமா சொன்னது உண்மை. இரண்டும் சேர்ந்தே 3 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும், பேரலலில் எடுப்பது 9.2. ஆனால் மின்சாரம் மிச்சமானது விளக்கு எரியாததால் மிச்சமானது. எஞ்சின் ஓடும்போது கரண்டைக் கொடுப்பது ஆல்டர்னேட்டர், அதற்கு 110 வாட் பெரிய சுமை இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கை எரியவிட்டால் மட்டும் பாட்டரியைப் பற்றிக் கவலைப்படுங்கள், கஞ்சிலில் இருப்பது சின்ன பாட்டரி.

இன்னொன்றும் உண்டு. சீரியலில் ஒரு பல்ப் போனால் இரண்டும் அணையும். கும்மிருட்டு ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இரண்டு ஸ்பாட்டும் ஒரே நொடியில் அணைந்தால் எப்படி இருக்கும்? பேரலலில் ஒன்று போனால் மற்றது பாட்டுக்கு எரியும், வீடு வந்து சேரலாம்.

ஆனால் சீரியலுக்குக் காடியில் வேலையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பியூஸ், சுவிட்ச், ரிலேயின் காண்டாக்ட் எல்லாமே விளக்கோடு சீரியலில்தான் நிற்கின்றன, நிற்கவும் வேண்டும். அவை காவல் காப்பவை, அவற்றைத் தாண்டித்தான் கரண்ட் போக வேண்டும். வேலை செய்கிறவை, அதாவது பல்ப், ஹார்ன், விசிறி, இவை ஒவ்வொன்றுக்கும் முழு 12 வோல்ட் வேண்டும், அதனால் பேரலல். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் எந்தக் காடியின் வயரிங் படத்தைப் பார்த்தாலும் பயம் வராது.

இனி வயரிங். ஹெட்லைட் கம்பியில் ஒட்டுப் போட்டு நேராக விளக்குக்கு எடுக்காதீர்கள். பொதுவான எச்4 பல்ப் ஹைபீமில் (தூர வெளிச்சத்தில்) 60 வாட், இரண்டுக்கு 10 ஆம்பியர். அந்தக் கம்பியும் ஸ்டீரிங் பக்கத்து சுவிட்சும் அந்த 10 ஆம்பியருக்காகச் செய்தவை. நீங்கள் இன்னொரு 9 ஆம்பியரை அதன் தலையில் ஏற்றினால் உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. சில மாதம் ஓடும், பிறகு சுவிட்சுக்குள் பிளாஸ்டிக் உருகும் வாசனை வரும். ஒட்டுப் போட்டு எரிந்த சுவிட்சைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன், காண்டாக்ட் கரிந்து, பக்கத்திலிருந்த ஒயிப்பர் சுவிட்சையும் சேர்த்துக் கெடுத்திருந்தது.

நான்கு கால் ரிலே ஒன்று வாங்குங்கள், 30 ஆம்பியர் அல்லது 40 ஆம்பியர். கால்களில் எண் போட்டிருக்கும். பாட்டரி பாசிட்டிவிலிருந்து கம்பி முதலில் பியூசுக்கு, பியூசிலிருந்து 30க்கு. 87லிருந்து வெளியே வரும் கம்பி இரண்டாகப் பிரிந்து இரண்டு விளக்குக்கும் போகும், உங்கள் பேரலல் பிரியும் இடம் அதுதான். 85ம் 86ம் காயில், அதாவது ரிலேயை இழுக்கும் காந்தச் சுருளின் இரண்டு முனை. ஒன்று பாடி எர்த்துக்கு, மற்றது டாஷ்போர்டில் வைக்கும் சின்ன சுவிட்ச் வழியாக ஹைபீம் கம்பிக்கு. காயில் எடுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு, ஹைபீம் கம்பிக்கு அது ஒரு பாரமே இல்லை. இப்படிப் போட்டால் ஹைபீமும் போட்டிருக்க வேண்டும், உங்கள் சுவிட்சும் போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்பாட் எரியும். எதிரே ஆள் வந்து லோபீமுக்கு இறக்கினால் ஸ்பாட்டும் தானாக அணையும்.

பியூஸ் 15 ஆம்பியர், நீல நிறத்தில் இருக்கும். பாட்டரி முனைக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். பியூஸ் காப்பது விளக்கை இல்லை, கம்பியை. பாட்டரிக்கும் பியூசுக்கும் நடுவே உள்ள கம்பி எங்காவது தகரத்தில் உரசினால் அதைத் தடுக்க எதுவுமில்லை, அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பியூஸ் போய்க்கொண்டே இருந்தால் 30 ஆம்பியர் பச்சையை மாட்டிவிட்டுப் போகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பியூஸ் போவதற்கு எங்கோ ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர். ஏன் இவ்வளவு தடிப்பு என்று கேட்பார்கள். பாட்டரியிலிருந்து விளக்கு வரை 4 மீட்டர் கம்பி ஓடுகிறது என்று வையுங்கள். 0.75 கம்பியில் 9.2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.8 வோல்ட் தொலையும். அது கம்பியைச் சூடாக்கத்தான் போகிறது, விளக்குக்கு வராது. மேலே சொன்ன அடுக்குக் கணக்குப்படி வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 2.5 கம்பியில் தொலைவது கால் வோல்ட்தான். மெல்லிய கம்பியும் ஒரு வகையில் விளக்கோடு சீரியலில் நிற்கும் இன்னொரு சுமை, அது உங்களுக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய கம்பியைக் கொண்டுவந்து மாட்ட வேண்டாம், அதன் இழைகள் முரடானவை, செம்மண் ரோட்டு அதிர்வில் முனையில் முறியும். காடிக்கென்று விற்கும் மெல்லிய பல இழைக் கம்பி வாங்குங்கள்.

எர்த் பற்றித் தனியாக எழுத வேண்டும், யாராவது எழுதுவார்கள் என்று விடுகிறேன்.

ஆண்டு ஐந்து டீச்சர்:

போமென் அண்ணன் சொன்னதற்கு மேல் பெரிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பாடத்தைத் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5 அறிவியலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அதனால் இரண்டு வரி.

வகுப்பில் இரண்டு உலர் மின்கலம், இரண்டு சின்ன பல்ப் கொடுத்து முதலில் தொடர் மின்சுற்று, பிறகு இணை மின்சுற்று செய்யச் சொல்வேன். வெளிச்சம் மாறுவதைப் பிள்ளைகள் பார்த்தவுடனே புரிந்துகொள்கிறார்கள், சூத்திரம் எழுத வேண்டியதே இல்லை. ஒரு பல்பைக் கழற்றச் சொன்னால் தொடரில் எல்லாம் இருட்டு. தம்பி, நீங்களும் காடியில் கம்பி இழுப்பதற்கு முன் உங்கள் இரண்டு ஸ்பாட்டையும் தரையில் வைத்து, பாட்டரியிலிருந்து பியூசோடு இரண்டு விதமாகவும் கொடுத்துப் பாருங்கள், சில நொடி போதும். கண்ணாடி சூடாகும், தொடாதீர்கள். மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், வாயால் சொல்வதைவிட அது மரியாதை.

தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் முன்பெல்லாம் தொங்கவிட்ட சீரியல் பல்ப் மாலை இருக்கிறதே, அதுவும் இந்தக் கணக்குதான். 12 வோல்ட் பல்ப் 20ஐத் தொடராகக் கோத்தால் வீட்டின் 240 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் 12 ஆகப் பிரியும். அங்கே பிரிவது நமக்கு வேண்டியது. காடியில் பிரிக்க இருப்பதே 12தான்.

லிந்தாங் ரோட்டுக்காரன்:

போமென் அண்ணே, டீச்சர், நன்றி. இவ்வளவு விளக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் விடவில்லை. "நான் ஓட்டிய லோரியில் இரண்டு ஸ்பாட்டும் சீரியலில்தான் இருந்தது, பளிச்சென்று எரிந்தது, என் கண்ணால் பார்த்தது" என்கிறார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அது எப்படி?

பழக்குலை லோரி:

மாமா சொல்வது முழுக்க உண்மை. என் அப்பாவும் பழக்குலை ஏற்றும் லோரிதான், நானும் அதே தொழில். லோரியில் 12 வோல்ட் பாட்டரி இரண்டு சீரியலில் இருக்கும், மொத்தம் 24 வோல்ட். அந்தக் காலத்தில் 24 வோல்ட் ஸ்பாட் டவுனில் சுலபமாகக் கிடைக்காது, பழைய சாமான் விற்கும் ஹாப்கட் கடையில் காடியில் கழற்றிய 12 வோல்ட் விளக்குதான் மலிவு. ஒரே மாதிரி இரண்டு 12 வோல்ட் விளக்கைச் சீரியலில் போட்டால் ஆளுக்கு 12 கிடைத்துவிடும், நன்றாக எரியும். மாமா அதைத்தான் பார்த்திருக்கிறார். லோரிக்கு அது சரி, கஞ்சிலுக்கு அது ஒத்துவராது.

லோரிக்காரர்கள் வேறு யாராவது இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. இரண்டும் ஒரே வாட்டாக இருந்தால்தான் இது நடக்கும். 55 வாட் ஒன்று, 21 வாட் ஒன்று என்று கலந்து 24 வோல்ட்டில் சீரியலில் போட்டால் 21 வாட் பல்புக்கு 17 வோல்ட்டுக்கு மேல் விழும், மற்றதற்கு 7கூட வராது. சின்னது சீக்கிரமே எரிந்துபோகும், அது போனவுடன் பெரியதும் அணையும். சின்ன பல்ப்தான் குறைவாக வாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தடை அதிகம் உள்ளது சின்னதுதான், சீரியலில் தடை அதிகம் உள்ளதுதான் அதிக வோல்ட்டை எடுத்துக்கொள்ளும்.

நடுவிலிருந்து 12 வோல்ட் எடுக்கிற வேலையும் சில லோரியில் பார்க்கிறேன், அதாவது இரண்டு பாட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் விளக்குக்குக் கம்பி. அது இன்னும் மோசம். ஒரு பாட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும், கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டும். இன்றைக்கு 24 வோல்ட் விளக்கு எங்கும் கிடைக்கிறது, நேராக அதையே வாங்கிப் பேரலலில் போடுங்கள்.

எல்இடி பிரியன்:

எல்லோரும் ஏன் ஹாலஜனையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அந்த 55 வாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 18 வாட் எல்இடி இரண்டு வாங்கினால் இரண்டும் சேர்த்து 3 ஆம்பியர். ரிலேயும் வேண்டாம் தடித்த கம்பியும் வேண்டாம். எல்இடிக்குள்ளேயே சீரியலில்தான் வரிசையாகக் கோத்திருக்கிறார்கள், அப்படியானால் விளக்கையும் சீரியலில் போடலாம்தானே? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய போமென்:

எல்இடி வாங்குவது நல்ல யோசனை, கரண்ட் குறையும் என்பதும் சரி. ஆனால் சீரியல் வேண்டாம்.

உள்ளே சீரியல் இருப்பதற்குக் காரணம் வேறு. ஒரு வெள்ளை எல்இடி சில்லுக்கு 3 வோல்ட் சொச்சம்தான் தேவை. 12 வோல்ட் பட்டை விளக்கில் மூன்று சில்லை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மிச்ச வோல்ட்டுக்கு ஒரு தடையும் வைப்பார்கள். அந்த மூன்று மூன்றான துண்டுகள் தங்களுக்குள் பேரலலில் இருக்கும். அதனால்தான் பட்டையைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டலாம் என்று கோடு போட்டிருப்பார்கள். சீரியலும் பேரலலும் சேர்ந்தே அங்கே வேலை செய்கின்றன, அந்தக் கணக்கைச் செய்தவர் போட்டு முடித்துவிட்டார், நாம் அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் போதும்.

நீங்கள் சொல்லும் ஸ்பாட் வகையில் தடைக்குப் பதிலாக டிரைவர் என்று ஒரு சின்ன சர்க்கியூட் இருக்கும். பெட்டியில் 9 முதல் 32 வோல்ட் வரை என்று எழுதியிருந்தால் அதற்குள் டிரைவர் இருக்கிறது. அது வோல்ட் குறைந்தால் கரண்டைக் கூட்டி இழுத்துத் தன் வாட்டைச் சரிக்கட்டப் பார்க்கும். அப்படிப்பட்ட இரண்டை 12 வோல்ட்டில் சீரியலில் போட்டால் ஆளுக்கு 6 வோல்ட்கூட உறுதியில்லை, ஒன்று இழுக்க மற்றது அணைய, இரண்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அல்லது எரியவே எரியாது.

ரிலே வேண்டாம் என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 3 ஆம்பியரை நல்ல சுவிட்ச் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹைபீமோடு சேர்ந்து அணைய வேண்டும் என்றால் ரிலேதான் சுத்தமான வழி. பியூஸ் எல்இடிக்கும் கட்டாயம், 5 ஆம்பியர் போதும்.

எல்இடியில் எனக்கு உள்ள ஒரே குறை வெளிச்சம் சிதறுவது. மலிவான வேலை விளக்கில் வெளிச்சத்தை ஒழுங்குபடுத்த எதுவுமில்லை, நாலா பக்கமும் அடிக்கும். பக்கத்தில் இருக்கும் மட்டையெல்லாம் பளபளக்கும், தூரத்தில் இருப்பது தெரியாது. தம்பி வாங்கிய வட்ட ஹாலஜன் ஸ்பாட் ஒளியைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும். நேர் ரோட்டுக்கு அதுவே நல்லது, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

தைப்பிங் தங்கச்சி:

எர்த் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். என் கணவர் வயரிங் கடை வைத்திருக்கிறார், நானும் அதே கடையில்தான் மீட்டர் பிடிக்கிறேன். கடைக்கு "லைட் மங்கல்" என்று வருகிற காடிகளில் பல்பைவிட எர்த் கெட்டுப்போனதுதான் அதிகம்.

பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு தடித்த கம்பி போட்டாலும் கரண்ட் திரும்பிப் பாட்டரிக்கு வர வழி வேண்டும். பெயிண்ட் மேலேயே ஸ்குரூவை முறுக்கி எர்த் கொடுத்தால் முதலில் எரியும், மழையில் துரு ஏறியதும் மங்கும். அந்தத் துரு விளக்கோடு சீரியலில் சேர்ந்துவிட்ட தடை. தோட்டத்துப் பக்கம் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஈரச் செம்மண் எப்போதும் ஒட்டியிருக்கும், உரம் ஏற்றும் வண்டி என்றால் சொல்லவே வேண்டாம், தகரத்தைத் தின்றுவிடும்.

உங்களுக்கே தெரியாமல் சீரியல் உண்டாகும் இடமும் இதுதான் தம்பி. முன்னால் போகும் வண்டியில் சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பின் விளக்குப் பெட்டியின் எர்த் அறுந்துபோயிருக்கும், கரண்ட் வேறு வழி தேடி இன்னொரு பல்பின் இழைக்குள் நுழைந்து அதன் வழியாக எர்த்தைப் பிடிக்கும். இரண்டு பல்ப் சீரியலாகிவிட்டது, இரண்டும் அரைகுறையாக எரியும். நிறையப் பேர் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எர்த்தைச் சுரண்டிச் சரிசெய்தால் பழைய பல்பே நன்றாக எரியும்.

அதனால் உங்கள் இரண்டு விளக்குக்கும் தனித்தனி எர்த் கம்பி, பாசிட்டிவ் எவ்வளவு தடிப்போ அதே தடிப்பு. பம்பர் பிளாஸ்டிக், அதில் எர்த் கிடைக்காது. சேசிசில் தொழிற்சாலையே எர்த் போட்டிருக்கும் போல்ட் இருக்கும், அதைத் தேடுங்கள், இல்லாவிட்டால் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, வளையத் தகட்டை முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பாட்டரி நெகட்டிவுக்கே நேராகக் கொண்டுபோனாலும் நல்லதுதான், கஞ்சிலில் தூரம் அதிகமில்லை.

சோதிப்பது சுலபம். விளக்கை எரியவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் எர்த் கம்பியிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நல்ல எர்த். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அவ்வளவும் வீணாகிறது. விளக்கு அணைந்திருக்கும்போது சோதித்தால் ஒன்றும் தெரியாது, கரண்ட் ஓடினால்தான் இழப்பு தெரியும். ஓம் பக்கத்தில் வைத்துப் பல்பை அளந்து குழம்ப வேண்டாம், குளிர்ந்த 55 வாட் பல்ப் ஒரு ஓம்கூடக் காட்டாது, ஷார்ட் என்று நினைத்துவிடுவார்கள். சூடான பிறகுதான் அதன் தடை இரண்டரை ஓமுக்கு மேல் ஏறும்.

அந்த நீல நிறப் பிளாஸ்டிக் கிளிப், கம்பியைக் கடித்துப் பிடிக்குமே, அதைக் காடிக்கு முன்புறம் எங்கும் போடாதீர்கள். இழையை வெட்டிவிடும், ஈரம் உள்ளே போய்ப் பச்சை பூக்கும். ஈயம் வைத்து ஒட்டிச் சூட்டில் சுருங்கும் டியூப் மாட்டுங்கள்.

தோட்டத்து மோட்டார்:

வயரிங் எல்லாம் சொல்லிவிட்டீர்கள், நான் எதிர்ப்பக்கத்து ஆள். விடிகாலையில் நாங்கள் மோட்டாரில் அதே ரோட்டில்தான் வேலைக்குப் போகிறோம். கூடுதல் விளக்குப் போட்ட காடி எதிரே வந்தால் சில நேரம் ரோட்டின் ஓரம் எங்கே, வாய்க்கால் எங்கே என்றே தெரியாது. கண் கூசிய பிறகு சில நொடிக்கு முழு இருட்டுதான். பின்னால் பிள்ளையை உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போகிற அம்மாமார்களும் அதே நேரத்தில்தான் வருவார்கள்.

அதனால் தம்பி, ஸ்பாட்டை ஹைபீமோடு கட்டுங்கள் என்று போமென் அண்ணன் சொன்னதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள். தனி சுவிட்சில் எப்போதும் எரியும்படி போட வேண்டாம். உயரத்தையும் பாருங்கள், கூரைமேல் வேண்டாம், பம்பர் அளவில் இருக்கட்டும். சமதரையில் சுவருக்கு முன்னால் காடியை நிறுத்தி, ஒளியின் நடு விளக்கின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே விழும்படி திருப்புங்கள், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பாருங்கள், ஏனென்றால் ஆள் ஏறினால் கஞ்சிலின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். நிறம் வெள்ளை அல்லது மஞ்சள், வேறு வேண்டாம். பெரிய ரோட்டுக்கு ஏறியதும் அணைத்துவிடுங்கள். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும் விளக்கை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ரோட் பிளாக்கில் பிடித்தால் சம்மன் நிச்சயம், தோட்டத்து ரோட்டுக்குத்தான் போட்டேன் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். மாட்டுவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

லிந்தாங் ரோட்டுக்காரன்:

அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. மோட்டாரில் வருகிற அண்ணன் சொன்னது மனதில் தைத்தது, நான் ரோட்டில் பார்க்கும் ஆட்களும் அவர்கள்தான். ஹைபீமோடுதான் கட்டுவேன். மாமாவும் லோரிக் கணக்கைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், கம்பி இழுக்க அவரே கூட நிற்கிறேன் என்றிருக்கிறார்.

கடைசியாக ஒரே ஒரு சந்தேகம். ஹைபீம் கம்பி எது என்று மீட்டரில் தேடும்போது, ஹைபீம் போட்டால் 12 வோல்ட் வர வேண்டும் என்றுதானே பார்ப்போம். ஆனால் சில காடியில் ஹெட்லைட் நெகட்டிவ் பக்கம்தான் சுவிட்ச் ஆகும் என்று கடைப் பையன் சொன்னான். அப்படியிருந்தால் 85ஐ பாடி எர்த்துக்குக் கொடுத்தால் ரிலே இழுக்குமா?

பழைய போமென்:

பையன் சொன்னது சரி, ஜப்பான் வழி வந்த பல காடியில் அப்படி உண்டு. அப்படி இருந்தால் பாடி எர்த்தோடு சேர்த்த காயில் சரியாக வேலை செய்யாது, ஹைபீம் போடும்போது அந்தக் கம்பியும் எர்த் ஆகிவிடும், இரண்டு பக்கமும் எர்த், ரிலே இழுக்காது. லோபீமிலோ அணைக்க வேண்டிய நேரத்தில் இழுத்தாலும் இழுக்கும்.

எந்த வகைக் காடிக்கும் ஒத்துவருகிற வழி ஒன்று இருக்கிறது. ஹெட்லைட் பல்பின் சாக்கெட்டில் மூன்று கம்பி இருக்கும். பல்ப் மாட்டியிருக்கும்போதே பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து, ஹைபீம் போட்டு, எந்த இரண்டு கம்பிக்கு நடுவே 12 வோல்ட் காட்டுகிறது என்று பாருங்கள். லோபீமுக்கு மாற்றினால் அதே இரண்டுக்கு நடுவே சுழியத்துக்குப் பக்கம் வர வேண்டும். அந்த இரண்டு கம்பிதான் உங்களுக்கு வேண்டியது. 85ஐ ஒன்றிலும், 86ஐ டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக மற்றதிலும் கொடுங்கள், பாடி எர்த்தைத் தொடவே வேண்டாம். காயில் அப்போது ஹைபீம் இழையோடு பேரலலில் நிற்கும், அது எரிந்தால் இதுவும் இழுக்கும், எந்தப் பக்கம் சுவிட்ச் ஆனாலும் கவலையில்லை.

ரிலே வாங்கும்போது மேலே அச்சிட்ட படத்தை மட்டும் பாருங்கள். காயிலுக்குப் பக்கத்தில் டயோடு குறி இருந்தால் 85, 86 இரண்டில் எது பாசிட்டிவ் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் டயோடு வழியாகக் கரண்ட் பாய்ந்து ஹெட்லைட் பியூஸ் போகும். டயோடு இல்லாத சாதாரண ரிலே என்றால் எப்படிக் கொடுத்தாலும் இழுக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். வேலை தொடங்குவதற்கு முன் பாட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், பியூசைக் கடைசியில் மாட்டுங்கள்.